யோகண்ணையின் ரெய்த்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை சிவா தொலைபேசியில் அழைத்தான். பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள திரான்சியில் யோகண்ணையோடு ஒரே அறையில் இருந்தவன். "அண்ணை, யோகண்ணை செத்துப்போனார். வேலைக்கு வெளிக்கிட்டவர், படியிலை அப்பிடியே இருந்திட்டார்." எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த கிழமை வியாழன் விசா புதுப்பிக்க வேண்டுமே, இந்த நேரம் பார்த்து இப்படிச் செய்துவிட்டாரே என்றுதான் தோன்றியது. வெட்கக்கேடு. ஆனால் அப்படித்தான் தோன்றியது.

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறி வாங்கிய எல்லோருக்கும் அவரைத் தெரியும். வெண்டிக்காயை நுனி முறித்துப் பார்ப்பவர்களை அவர் முறைத்த முறைப்பும் தெரியும். 2010இல் புதிதாக வந்த நான், விசா வரிசையை நினைத்துப் பயந்துபோய் அவர் வேலை செய்த மரக்கறிக் கடையில் நின்றேன். என்னிடம் இருந்தது மூன்று மாத விசா. "எனக்கும் மூண்டு மாசம்தான் தம்பி. இந்தக் கிழமையோட என்ரை ரெய்த்தும் முடியுது. சேர்ந்து போவம்" என்றார்.

ரெய்த் என்ற சொல் அவர் முன்பு கோப்பை கழுவிய உணவகத்திலிருந்து வந்தது. அங்கிருந்த ஸ்கொட்லாந்துச் சமையல்காரரின் ஊரில், பழைய ஆட்கள் மூன்று மாதப் பள்ளித் தவணையை அப்படிச் சொல்வார்களாம். தவணை என்றே சொல்லலாமே என்று கேட்டேன். "தவணை எண்டால் வழக்குத் தவணை ஞாபகம் வருது. ரெய்த் எண்டால் பள்ளிக்கூடம். முடிஞ்சால் லீவு விடுவாங்கள்" என்றார்.

அன்று தொடங்கி நான்கு ஆண்டுகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, விடியுமுன் விசா புதுப்பிக்கும் பிரெபெக்சூர் அலுவலக வாசலில் இருவரும் நின்றோம். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவருவார். கதவு திறந்ததும் "எனக்கு மற்றப் பக்கம்" என்று சொல்லிப் பிரிவார். எங்கள் ஆட்களிடம் ஒரு மரியாதை உண்டு. ஒருவருடைய விசாவை இன்னொருவர் காட்டச் சொல்லிக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டு எனக்கு வெறுத்துவிட்டது. ஏஜென்சிக்காரனைப் பிடித்து வேறு நாட்டுக்குப் போக முடிவெடுத்தேன். அவர் தடுக்கவில்லை. "நான் நிக்கிறன்தானே. இன்னொரு ரெய்த் பாப்பம்" என்று மட்டும் சொன்னார். இந்த மனுசனை வரிசையில் தனியாக விட்டுப் போவது பாவமென்று நினைத்து நின்றுவிட்டேன்.

இறப்புப் பதிவுக்காக அவருடைய பெட்டியைத் திறந்தோம். மேலேயே பத்து வருட விசா அட்டை இருந்தது. நான் பாரிசுக்கு வருவதற்கு முந்திய திகதி.

"உங்களுக்குத் தெரியாதே?" என்றான் சிவா. "அவருக்கு எப்பவோ கிடைச்சிட்டுது."

அப்படியானால் அந்தக் குளிரில் ஏன் நின்றார்? எனக்காகவா? வரிசையை விட்டால் போக வேறிடம் இல்லாமலா? ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வருகிறது, கோபித்த கையோடு அழுகை வருகிறது. அவருக்குத் துணையாக நிற்கிறேன் என்று எனக்குள் பெருமை வேறு. அவரைத் தெரிந்த யாருக்காவது விளங்கினால் எனக்கும் சொல்லுங்கள்.

பிளாஸ்க்கைச் சிவா என்னிடம் தந்துவிட்டான். அதுவும் அந்தச் சொல்லும் என்னிடம் இருக்கும். வியாழக்கிழமை என் ரெய்த் முடிகிறது. தேத்தண்ணி எத்தனை பேருக்குப் போடுவதென்று இன்னும் முடிவெடுக்கவில்லை.