ஏழுமலையின் மல்டி டூல்

'டக்'...

இடுப்புப் பவுச்சிலிருந்து எடுத்து ஒரே கையால் விரிக்கும்போது வரும் சத்தம் அது. மோல்டிங் மெஷின்களின் இரைச்சலிலும், சூடான பிளாஸ்டிக் நாற்றத்திலும் அந்தச் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும். ஏழுமலை வந்துவிட்டான் என்று அர்த்தம்.

2000-களின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் பாட்டில் மூடி தயாரிக்கும் ஒரு கம்பெனி. இரண்டு பேரும் மெயின்டனன்ஸ். ஒரே நாளில் சேர்ந்தோம். நான் டிப்ளமோ, அவன் ஐடிஐ. அதனால் எனக்கு வெள்ளைச் சட்டை, அவனுக்குக் காக்கி. வேலையில் அவன்தான் கெட்டி, அது எனக்கும் தெரியும்.

புது மெஷின் நிறுவ வந்த தைவான்காரர் ஊருக்குக் கிளம்பும்போது தன் மல்டி டூலை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். குறடு, கத்தி, ஸ்க்ரூ டிரைவர், சின்ன ரம்பம்... எல்லாம் மடங்கி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு வார்த்தை பாஷை புரியாமல் அவர் கூடவே நின்று வேலை செய்ததற்குக் கிடைத்த மரியாதை. ஏழுமலை அதை யாருக்கும் இரவல் தரமாட்டான். கேன்டீனில் ஆரஞ்சுப் பழம் உரிக்கக் கேட்டால்கூட, "கொண்டா, நானே உரிச்சித் தரேன்" என்பான்.

அப்படிப்பட்டவன் எனக்குக் கொடுத்தான்.

மூடி சரியாக உட்காரவில்லை என்று புனேயில் ஒரு கஸ்டமர் புகார். மேனேஜரோடு நானும் போக வேண்டும். அதுவும் விமானத்தில்! எங்கள் தெருவிலேயே அதுவரை யாரும் ஏறியதில்லை.

"போற எடத்துல டூல்ஸ் தருவானுங்களோ இன்னாவோ... இத வெச்சிக்க மச்சான். பத்திரமா எட்த்துகினு வா."

கத்தியை உள்ளே விடமாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏதோ ஆந்திரா பஸ் ஏறுவதுபோல கைப்பையின் சைடு ஜிப்பில் போட்டுக்கொண்டேன்.

அன்று ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்த கையோடு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், சென்ட்ரல் வரை ஒரு ரயில், பார்க் ஸ்டேஷனிலிருந்து விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலத்துக்கு இன்னொரு ரயில் என்று மாறி என்னை வழியனுப்ப வந்தான். சட்டையில் கிரீஸ் கறை. மேனேஜர் காரிலிருந்து இறங்கியதும் ஒரு வணக்கம் வைத்தான். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரு அது?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரிஞ்சவர் சார்" என்றேன்.

நம் கம்பெனி ஏழுமலை, என் நண்பன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால்... வெட்கம். அவ்வளவுதான்.

உள்ளே செக்யூரிட்டியில் பைகள் போகும் ஸ்கேனர் பெல்ட் நின்றது. என் பையைத் திறந்து மல்டி டூலை எடுத்து மேஜைமேல் வைத்தார் ஒரு அதிகாரி. நல்ல மனிதர், தமிழில்தான் பேசினார்.

"இது உள்ள போகாது தம்பி. வெளிய யாராச்சும் ஆள் இருக்காங்களா? இருந்தா குடுத்துட்டு வா, டைம் இருக்கு."

தட்டில் இருந்த என் நோக்கியா அதிர்ந்தது. ஏழுமலை.

மேனேஜர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. காது சுட்டது. திரும்பிப் போய், அந்தக் காக்கிச் சட்டைக்காரனைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் கத்தியைக் கொடுத்து...

போனைக் கட் பண்ணினேன்.

"ஆள் யாரும் இல்ல சார்."

பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. நெயில் கட்டர், கத்தரிக்கோல், பிளேடு எல்லாம் குவிந்து கிடந்தன. அதில் போட்டார். 'டக்' என்றுதான் விழுந்தது.

நாலு நாள் கழித்து வந்ததும் அவன் ஆசையாகக் கேட்டான். "இன்னா மச்சான், உதவுச்சா?"

"அங்க எவனோ அட்ச்சிட்டான்டா" என்றேன். புனேயில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்த நல்லவர்கள்மேல் பழியைப் போட்டேன்.

"வுடு... பொருள்தானே. அன்னிக்கி உன் பிளைட்டு மேல போற வரிக்கும் வெளியதான் நின்னுகினு இருந்தேன். போன் பண்ணேன், எடுக்கல நீ." அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டான். ஆனால் காலிப் பவுச்சை ரொம்ப நாள் கட்டியிருந்தான். ஸ்க்ரூ ஏதாவது லூசாக இருந்தால் கை தானாக இடுப்புக்குப் போகும், திரும்பி வரும். பர்மா பஜாரில் அதேபோல ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் ஸ்பிரிங் போய்விட்டது.

இப்போது மாதம் இரண்டு முறை பறக்கிறேன். போர்டிங் பாஸ் போனிலேயே இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றுவது, லேப்டாப்பை எடுத்து வைப்பது எல்லாம் தூக்கத்தில்கூட வரும். அந்தக் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் மட்டும் கண் போகாது.

போன மாதம் ஏழுமலையின் மகள் செல்விக்கு ஹைதராபாத்தில் வேலை. முதல் விமானம். "உனுக்குத்தான் எல்லாம் தெரியும், கூட வா" என்று என்னையும் கூப்பிட்டான். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு. விமான நிலைய வாசலில் நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தேன். கடைசியில் அவன் சொன்னான்.

"செல்வி, உள்ள எதுனா கொண்டுபோவக் கூடாதுன்னு சொன்னாங்கன்னா வெக்கப்படாத. வெளிய ஆள் இருக்குன்னு சொல்லு. அப்பா இங்கதான் நின்னுகினு இருப்பேன்."

சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.

தெரிந்து சொன்னானா, சும்மா சொன்னானா... இன்றுவரை எனக்குத் தெரியாது. விமானம் மேலே போகும்வரை பக்கத்தில் நானும் நின்றேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். "டீ சாப்பிடலாமா" என்றுதான் வந்தது.

நான் இதை எழுதும் ஃபேஸ்புக்கில் அவன் இல்லை. செல்வி இருக்கிறாள்.

அம்மா செல்வி, இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. புனேயில் யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வெளியே ஆள் இருந்தது. நான்தான் இல்லை என்று சொல்லிவிட்டேன்.