நான்கு பேர் செய்த வடிகட்டி

“நாலு பிள்ளைகள சேர்த்து விட்டா ஒருத்தி வேலை பாப்பா, மத்தவளுவ வேடிக்கை பாப்பாளுவ, டீச்சர்,” என்றார், முக்கூடலில் எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நடுவர்களாக வந்த மூவரில் ஒருவர். படிய வாரிய தலை, சலவை வேட்டி. பிள்ளைகள் பேசும்போதெல்லாம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார்.

என் மாணவிகள் நான்கு பேர் சேர்ந்து ஆற்று நீருக்கு வடிகட்டி செய்திருந்தார்கள். அவரவருக்கு வருகிற வேலையைத்தான் கொடுத்திருந்தேன். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளை, பீடி சுற்றிப் பழகிய விரல்களால் மணலையும் கரியையும் துணியில் இறுக்கிக் கட்டியிருந்தாள். கரி எதற்கு என்று அவளைக் கேட்டார். பாதியை அவள் சொன்னாள். மீதியைத் தோழி சொன்னாள்.

“இது காப்பி அடிக்கிற மாதிரில்லா இருக்கு?”

“வீட்டுல ஒருத்தர் சோறு வைக்காக, இன்னொருத்தர் குழம்பு வைக்காக. அத காப்பின்னா சொல்லுதோம், சார்?” என்றேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பயந்து தலையாட்டுவதற்காகப் படிக்கவில்லை.

சிரித்தார். மற்ற இரண்டு நடுவர்களோடு வெகுநேரம் கூடிப் பேசி எங்களுக்கே முதலிடம் கொடுத்தார். ஆனால் பாளையங்கோட்டையில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கு, நன்றாகப் பேசுகிற ஒருத்தி மட்டும் வந்தால் போதும் என்றார். தனியாக ஒரு மதிப்பெண் போட முடியாதவருக்கு பிள்ளைகளும் சேர்ந்துதான் செய்தார்கள் என்பது ஏன் புரியவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போட்டியன்று காலையில் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறினேன்.