‘சலேகா’ என்றால் ஓடும்

டயர் கடைக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கோபம் வரவில்லை என்றால் அவன் வேலை பார்க்கவில்லை, தூங்குகிறான் என்று அர்த்தம். எழுபதுகளின் கடைசியில் தில்லி காஷ்மீரி கேட்டில் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்த நான், அங்கே இருந்த வருஷங்களில் ஒரு நாள்கூடத் தூங்கவில்லை. நீங்களும் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, பதிலை முடிவுபண்ணிக்கொண்டு கேள்வி கேட்க வரும் ஜனங்களிடம் மாட்டியவரென்றால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஜீப்புக்கும், முன்னால் ஜீப் மூக்கும் பின்னால் திறந்த பெட்டியுமாக இருக்கும் பிக்-அப்புக்கும் கம்பெனி கொடுத்த டயர் ஆறு-பதினாறு. ஒல்லி டயர். அது யாருக்கும் பிடிக்காது. அகல டயர் வேண்டும், அது மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கவும் வேண்டும். துருத்துவதற்கு ஒரு கணக்கு உண்டு. சக்கரத்துக்கு நடுவே போல்ட் மாட்டுகிற தட்டு இருக்கிறதே, அதை வண்டிப் பக்கமாகத் தள்ளினால் டயர் வெளியே வரும். இதற்கு ஆஃப்செட் என்று பெயர். வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. டயர் வெளியே போகப் போக பேரிங்கும் போல்ட்டும் கையை நீட்டிக்கொண்டு வாளி தூக்குகின்றன. இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. கேட்டவன்தான் கிடையாது.

எல்லோரும் கேட்டது ஒரே வார்த்தை: “சலேகா?” இந்திக்காரனுக்கு அதற்கு இரண்டு அர்த்தம். ஓடும் என்றும் சொல்லலாம், பரவாயில்லை என்றும் சொல்லலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் ரத்தக்கொதிப்பு ஆரம்பமானது.

உல்டா பண்ணு

சாணக்யபுரிப் பக்கத்திலிருந்து ஒரு இளைஞன் ஜீப்பில் வந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கடைக்குள்ளும் கழற்றவில்லை. புது ரிம் வேண்டாம், இருக்கிற ரிம்மையே உல்டாவாக, அதாவது உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டிக் கொடு, டயர் வெளியே வந்துவிடும் என்றான். அப்படி மாட்டினால் நட்டு சரியாக உட்காராது, பேரிங் தேயும் என்று இந்தியில் சொன்னேன், இங்கிலீஷில் சொன்னேன், ரிம்மைக் கழற்றி வைத்தும் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கடையில் போய் மாட்டிக்கொண்டான்.

கொஞ்ச நாளில் அதே ஜீப் ஊளையிட்டுக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றது. பேரிங் போயிருந்தது. மாட்டிய கடைக்குப் போகாமல் என்னிடம் ஏன் வந்தான் என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். அங்கே திட்டுவார்களாம். சரி, இப்போதாவது ரிம்மை நேராக மாட்டிக்கொள் என்றேன். புதுப் பேரிங் மட்டும் போட்டால் போதும், ரிம் உல்டாவாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, எனக்குப் புத்தி புகட்டுகிற தோரணையில் சொன்னான்: “பேரிங் உள்ளே இருக்கு பாய் சாப், அதை யார் பார்க்கப் போறாங்க?”

பாதி ஒடிப்பவர்

சரி, படிக்காத விளையாட்டுப் பிள்ளை என்று விட்டுவிடலாம். மந்திர் மார்க்கிலிருந்து வந்தவர் நம்மவர், ஏதோ ஒரு அமைச்சகத்தில் பெரிய ஆபீசர். சர்க்கார் ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்திருந்தார். தமிழ்ப் பையன் என்று தெரிந்ததும் சொந்த ஊர் எது, அப்பா எந்த டிபார்ட்மென்ட் எல்லாம் விசாரித்துவிட்டு, கடையிலேயே பெரிய டயர் எதுவோ அதைப் போடு என்றார். மாமா, அதை முன்னால் போட்டால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது ஸ்பிரிங்கில் உரசும், ஒரு நாள் டயர் கிழியும் என்றேன். இதற்கு முன்னால் யாராவது இப்படிப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். போட்டார்கள், கிழிந்தது என்றேன். அப்படியானால் முன்னுதாரணம் இருக்கிறது என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் பொறுமையாக, சந்து பொந்தில் வண்டியைத் திருப்பும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆபீசில் கீழே வேலை பார்ப்பவர்களைப் பார்க்கிற பார்வை அது. “முழுசா ஏம்ப்பா ஒடிக்கணும்? நான் எப்பவுமே பாதிதான் ஒடிப்பேன்.”

முதல் வார்த்தை

இந்த இரண்டு கிராக்கிகளையும் நான் அனுப்பிவைத்த அழகைக் கடை முதலாளி லாலாஜி உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் கூப்பிட்டு வைத்து விளாசினார். நான் வாயைத் திறந்தாலே ‘கூடாது’ தான் வருகிறதாம், ஜனங்கள் அடுத்த கடைக்குப் போகிறார்களாம். கூடாததைக் கூடும் என்று சொல்லி, நாளைக்கு எவனாவது செத்தால் என்ன செய்வது என்று நானும் குரலை உயர்த்தினேன். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பாலிலே சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சட்டம் போட்டார்: “முதல்ல சலேகா சொல்லு, மதராசி. உன்னோட ‘ஆனா’வை அப்புறம் வச்சுக்கோ.”

முருகேசனின் கேள்வி

முருகேசன் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆள். கட்டட கான்ட்ராக்டர் ஒருவரிடம் பிக்-அப் டிரைவர். காலையில் ஜுக்கி குடிசைகளிலிருந்து ஆட்களைப் பின்பெட்டியில் நிறுத்தி ஏற்றிக்கொண்டு யமுனைக்கு அந்தப்பக்கம் ஃப்ளாட் கட்டும் இடத்தில் இறக்குவான், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவிடுவான். அவன் மனைவி அஞ்சலையும் அந்தப் பெட்டியில் போகும் சித்தாள்களில் ஒருத்தி.

ஒரு நாள் கான்ட்ராக்டரே அவனோடு கடைக்கு வந்தார். அகல டயர் வேண்டும், தட்டைப் பிரித்து உள்ளே தள்ளி வெல்டு வைப்பதை மோதியா கான் பழைய இரும்புக் கடைத் தெருவில் ஒருத்தன் பார்த்துக்கொள்வான், சலேகா? சட்டப்படி முதலில் “சலேகா” என்றேன். “லேகின்” என்று என் ‘ஆனா’வை ஆரம்பிப்பதற்குள் லாலாஜி உள்ளேயிருந்து, “அவ்வளவுதான், சலேகா” என்று முடித்து, நாற்காலியைத் தட்டிப்போட்டு, டீ சொல்லிவிட்டார். கான்ட்ராக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை.

முருகேசன் மட்டும் கவுண்டரை விட்டு நகரவில்லை. தமிழில், மெதுவாகக் கேட்டான். “ஓடுமா சார்? எங்க வூட்டுக்காரியும் பின்னாடிதான் நிக்குது.” ஓடும், ஆனால் வெல்டு வைத்த தட்டு ஆள் பாரம் தாங்காது, ஏதாவது ஒரு திருப்பத்தில் டயர் கழன்றுகொண்டு போகும், உன் முதலாளியிடம் சொல்லு என்றேன். அவனும் போய்ச் சொன்னான். தப்பும் தவறுமான இந்தியில், ஆனால் ஒன்றுவிடாமல் சொன்னான். என் காதால் கேட்டேன். கான்ட்ராக்டர் டீயை உறிஞ்சிவிட்டு லாலாஜியைப் பார்த்துச் சிரித்தார். “இந்த மதராசிகளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்.”

ஒரே கிராக்கி

கழன்றது. ரிங் ரோடு திருப்பத்தில், பின் சக்கரம். நான் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு முருகேசன் மாட்டு வண்டி மாதிரி ஓட்டியிருக்கிறான். அதற்காகக் கான்ட்ராக்டரிடம் தினமும் திட்டு வாங்கியிருக்கிறான். அந்த வேகத்தில் போனதால்தான் யாரும் சாகவில்லை. பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்து ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அஞ்சலைக்கு வலது கை முறிந்தது. சித்தாளுக்குக் கை போனால் பிழைப்பு போயிற்று.

கான்ட்ராக்டர் கடைக்கு வந்து கத்தினார். நீங்கள்தானே சலேகா என்றீர்கள் என்றார். லாலாஜி கண் இமைக்காமல் என்னைக் கைகாட்டினார். உடனே கான்ட்ராக்டரும் குற்றத்தை இடம் மாற்றிக்கொண்டார்: ரிம்மில் குற்றமில்லை, டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை, அதனால் அவனை அன்றைக்கே நிறுத்திவிட்டாராம். எனக்கு வந்த கோபத்தில் இந்தி, தமிழ், பஞ்சாபி எல்லாம் கலந்து வந்தது. அவன் ஓட்டிய லட்சணத்தால்தான் உன் மேல் கொலைக் கேஸ் இல்லை என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கான்ட்ராக்டர் நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கம்பெனி ரிம் ஒரு செட் எடுத்துக் கட்டச் சொன்னார்.

வண்டி போனபிறகு லாலாஜி என் தோளைத் தட்டினார். உண்மையான சந்தோஷம் அவர் முகத்தில். “பார்த்தியா, ஒரு சலேகா, ரெண்டு வியாபாரம்.”

கடைசிப் பதில்

நானும் அந்தக் கடையில் அதற்குமேல் இருக்கவில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு நாள் முருகேசன் வந்தான், எங்கேயாவது டிரைவர் வேலை இருந்தால் சொல்லும்படி. அஞ்சலை வாசலில் நின்றாள். கைக்கட்டு அழுக்காகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவனிடம் கேட்டேன்: இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அந்த ஆளுக்கு ஏன் உறைக்கவில்லை?

முருகேசனுக்கு என் மேல் துளி வருத்தம் இல்லை. அவன் கோபத்தை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். கழன்ற சக்கரம் அவர்களையெல்லாம் ரோட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸுக்கும் ஸ்கூட்டருக்கும் வழிவிட்டு, நேராக ரொம்ப தூரம் போய் ஒரு வேப்பமரத்தடியில்தான் விழுந்ததாம். “நீங்க சொன்ன மாதிரியே ஓடிச்சு சார். நாங்கதான் நின்னுட்டோம்.”

ஆக, சலேகா என்று கேட்கிற எவனும் அந்த வண்டியின் பின்பெட்டியில் நின்றுகொண்டு போகிறவன் இல்லை என்பதுதான் அந்தக் கவுண்டரில் நான் கற்றுக்கொண்ட ஒரே தொழில் ரகசியம்.