சவரிமுத்து விழ வேண்டிய பரீட்சை

நல்ல நினைவோடு இருக்கிற ஒருவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி, கட்டிலைச் சுவர் மாதிரி நிமிர்த்தி, அவர் மயங்கி விழுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் என் தொழில். வளைகுடாவில் பல வருஷம் செய்த இதே வேலையை இப்போது திண்டுக்கல்லில் ஒரு நரம்பியல் மருத்துவமனையில் செய்கிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்து விசுக்கென்று எழுந்து, கண் இருட்டி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணுமில்ல" என்று சமாளித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த வகையில் நாமெல்லாம் ஒரே கட்சி.

உள்ளே ஒரு நிர்வாகம்

வத்தலக்குண்டு வாழைக்காய் வியாபாரி ஒருவர், விவரம் சொன்னால்தான் கட்டுப்படுவேன் என்று கட்டிலருகே நின்றுவிட்டார். சொன்னேன். எழுந்து நின்றதும் ரத்தம் காலுக்கு இறங்கப் பார்க்கும். கழுத்து ரத்தக்குழாயில் அழுத்தத்தைக் கவனிக்கும் நரம்புகள் உடனே மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்பும். மூளைத்தண்டின் கீழ்க்கோடியில் இருக்கும் முகுளம், இதயத்தை முடுக்கி, ரத்தக்குழாய்களை இறுக்கி, தலைக்குப் போகிற ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். நாம் வேட்டியை உதறிக் கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சில நேரம் முகுளம் தலைகீழாக உத்தரவு போட்டுவிடும். இதயம் மெதுவாகும், குழாய்கள் தளரும், ஆள் கீழே.

அவர் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப இம்புட்டு நாளா என்னைய ஒரு வார்த்த கேக்காமயே எனக்குள்ள நிர்வாகம் நடந்திருக்கு."

சாவிக்கொத்து

பிரியாணிக் கடை மாஸ்டர் சவரிமுத்து வந்தது அதற்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, அடுப்பு வெக்கையில் ஒரே இடத்தில் நின்றிருக்கிறார். தம் உடைத்துப் பிரியாணி மூடியைத் திறக்கப் போன நேரத்தில் கண் இருட்டிச் சாய்ந்துவிட்டார். விழுந்தவரைப் படுக்க வைத்திருந்தால் ரத்தம் தானாகத் தலைக்குப் போயிருக்கும். கடைக்காரர்கள் அக்கறையாக நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். தலைக்கு ரத்தம் போதாமல் கைகால் இரண்டு வெட்டு வெட்டியது. வலிப்பு என்று தீர்ப்பாகி, கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். பூட்டு ஊரில் சாவிக்கா பஞ்சம்?

வலிப்பு இல்லை என்று டாக்டர் எழுதித் தரும்வரை அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். மீசை முளைத்த நாளிலிருந்து பிரியாணி வேகும் தேக்சா முன்னால் நின்ற மனுஷனை டோக்கன் கிழிக்க உட்கார வைத்தாயிற்று. வேறொருவன் போட்ட தம் குழைந்துபோன கதையையும் மாஸ்டரே சொன்னார். "வலிப்பையாச்சும் தாங்கிக்கிருவேன் சிஸ்டர், அவன் வெங்காயம் வதக்குறதக் கண்ணால பாக்க முடியல."

பூட்டு

பரிசோதனை நாளன்று மனைவி பிலோமினா வெளியே ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டார். மாஸ்டரைக் கட்டி நிமிர்த்தினேன். நேரம் போனது. வேர்த்தது, ஆனால் ஆள் அசையவில்லை. அழுத்தம் இறங்கப் பார்க்கும், மறுபடி ஏறிக்கொள்ளும். வலது தோள் மட்டும் நடுங்குகிறதே என்று போர்வையை விலக்கிப் பார்த்தேன். கைக்குள் ஒரு மாங்காய்ப் பூட்டு. இரும்பு கையில் இருந்தால் வலிப்பு அண்டாது என்று பிலோமினா செய்த ஏற்பாடு. அதன் அச்சு உள்ளங்கையில் பதியும் அளவுக்கு அவர் நெரித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் என்னவென்றால், கையை அப்படி இறுக்கினால் ரத்த அழுத்தம் உண்மையாகவே ஏறும். கண் இருட்டும்போது செய்யச் சொல்லி நாங்களே கற்றுக்கொடுப்பதுதான். மயங்கி விழுந்த பிறகு கொடுக்கிற சாவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் இங்கே அவர் விழுந்தால்தான், விழும்போது நாடி எப்படி, மூளை அலை எப்படி என்று பார்த்து, வலிப்பு இல்லை என்று எழுத முடியும். இதைச் சொன்னதும் பூட்டை என் கையில் கொடுத்துவிட்டு வருத்தமாகக் கேட்டார்: "விழுந்தாத்தான் பாஸுன்னு வாசல்லயே எழுதிப் போட்டா என்ன சிஸ்டர்?"

இரண்டாவது தடவை

அடுத்த முறை முதலாளியும் கூட வந்தார். காகிதத்தையெல்லாம் நம்ப மாட்டாராம், கண்ணால் பார்க்க வேண்டுமாம். டாக்டரும் சரி என்றார். ஆஜானுபாகுவான மனுஷர், கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

பூட்டு இல்லாத சவரிமுத்து இந்த முறை என்னை ஏமாற்றவில்லை. முகம் வெளுத்தது, நாடி தளர்ந்தது, கண் மேலே செருகியது, கை இரண்டு வெட்டு வெட்டியது. மூளை அலையில் வலிப்பின் சுவடே இல்லை. கட்டிலைப் படுக்க வைக்கிறேன், பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். அந்தக் காட்சியைப் பார்த்த முதலாளி தரையில் கிடந்தார். பயந்துபோனாலும் முகுளம் அதே தப்பான உத்தரவைப் போடும். அதற்குத் தொழிலாளி, முதலாளி என்ற பேதமெல்லாம் கிடையாது.

சத்தம் கேட்டு உள்ளே ஓடிவந்த பிலோமினா, பழக்கதோஷத்தில் பையிலிருந்த பூட்டை எடுத்து முதலாளியின் கையில் திணித்தார். வார்டு ஆள் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கப் போனார். அதற்குள் நினைவு வந்திருந்த மாஸ்டர், கட்டிலில் கட்டுண்டபடியே தலையை மட்டும் திருப்பி, அடுப்படியில் அதிகாரம் பண்ணும் குரலில் சொன்னார்: "ஏப்பா, மொதலாளிய உக்கார வைக்காத, படுக்கப் போட்டுக் காலத் தூக்கிப் பிடி."

டாக்டர் எழுதிக் கொடுத்தார்: வலிப்பு இல்லை. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடுப்புக்கு எட்டத்தில் ஒரு ஸ்டூல் வேண்டும், கண் இருட்டினால் உடனே விலகி வந்து படுத்துவிட வேண்டும். முதலாளி தரையில் படுத்தபடியே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமையே மாஸ்டர் தேக்சாவுக்குத் திரும்பிவிட்டார். ஸ்டூல் இரண்டாக வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

எத்தனை பெரிய தலையானாலும் அது நிமிர்ந்து நிற்பது பிடரிக்குள் இருக்கும் ஒரு சின்னத் தண்டின் தயவில்தான், அது கொஞ்சம் கண்ணசந்தால் தரை எல்லாருக்கும் ஒரே தூரம்.