கருகாத கிராம்பு

மாலை ஆறு மணிக்கு பாரின் கதவு திறக்கும்போது மசாலாக்கா வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். பித்தளை விளக்குகளுக்குக் கீழே ஏலக்காய் ஜின்னும் மிளகு ரம்மும் குடிப்பவர்களில் ஒருவர்கூட அவரைப் பார்த்ததில்லை. ஆனால் கிளாஸிலிருந்து வரும் மணம் முழுக்க அவர் கைவேலை. காலை பத்து மணிக்கு வந்து வறுப்பார், இடிப்பார், பாகு காய்ச்சுவார், புட்டிகளில் ஊறப்போடுவார். சின்னத் தட்டுகளில் போகும் முந்திரிக்கும் இறாலுக்கும் தூவுகிற பொடியும் அவருடையதுதான். பதினோரு வருடமாக இதே வேலை. மது ஒரு சொட்டு அவர் நாக்கில் பட்டதில்லை.

இரண்டு வருடமாக அவருக்கு எந்த மணமும் தெரியவில்லை. அது வெகுநாள் யாருக்கும் தெரியாமலே இருந்தது.

ஒரு காய்ச்சல் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. சொன்னால் வேலை போய்விடும். காதையும் கண்ணையும் வைத்து ஒப்பேற்றினார். மல்லி வெடிக்கிற சத்தம், சீரகம் நிறம் மாறுகிற நொடி, மிளகு வாணலியில் துள்ளுகிற விதம் எல்லாம் அத்துப்படி என்பதால் சமாளிக்க முடிந்தது.

ஒரே ஒரு மணம் மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தது. கருகும் கிராம்பு. அடுப்பு அணைந்திருக்கும்போது வரும். பஸ்ஸில் வரும். குளிக்கும்போது வரும். அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். காய்ச்சலுக்கு ஒரு மாதம் முன்பு, கிராம்பு வறுத்துக்கொண்டிருந்தபோது தங்கையிடமிருந்து மூன்று முறை போன் வந்தது. கையை எடுத்தால் கருகிவிடும் என்று விட்டுவிட்டார். வறுத்து இறக்கிவிட்டுக் கூப்பிட்டபோது பக்கத்து வீட்டுப் பெண் எடுத்தாள். நெஞ்சுவலியாம். தங்கை போய்விட்டிருந்தாள். அன்று கிராம்பு கருகவே இல்லை.

அந்த வாசனை வரும்போதெல்லாம், "வந்துட்டியாடி, உக்காரு" என்பார் மெல்ல.

போன வசந்தத்தில் ஒரு மதியம், அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி பாகு வடிகட்டிக்கொண்டிருந்தார். வாசனை வழக்கத்தைவிடக் கனமாக வந்தது. "இன்னைக்கு என்னடி இவ்ளோ கோவம்?" என்று கேட்டுவிட்டு வடிகட்டலைத் தொடர்ந்தார். வெளியே எலுமிச்சை அறுத்துக்கொண்டிருந்த பார்டெண்டர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். வாணலியில் கிராம்பு கரியாகிக் கிடந்தது. அறை முழுக்கப் புகை.

"அக்கா, ஊரே நாறுது. முதுகுல தீப்பிடிச்சாத்தான் திரும்புவீங்களா?"

அவர் அப்போதுதான் திரும்பி வாணலியைப் பார்த்தார். பார்டெண்டருக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு டப்பாவைத் திறந்து, கண்ணை மூடச் சொல்லி, மூக்கருகே நீட்டினார்.

"பட்டை" என்றார் மசாலாக்கா.

டப்பாவில் இருந்தது சீரகம்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா."

"குடிச்சவன் ஒருத்தன்கூடக் கண்டுபிடிக்கலையே அக்கா."

"குடிச்சவனை விடு. குடிக்காம நிக்கிற நீ கண்டுபிடிச்சியா?"

ஆனால் புகையை மறைக்க முடியாது. முதலாளியம்மா மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார். அதற்குள் மூக்கு வந்தாக வேண்டும். டாக்டர் நான்கு புட்டிகளைச் சொன்னார். எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ், கிராம்பு. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் நிதானமாக முகர வேண்டும். "நிஜ வாசனை திரும்பிட்டா அந்தப் பொய் வாசனை தானா போயிடும்மா" என்றார்.

பார்டெண்டர் தினமும் நான்கையும் பார் மேசையில் வரிசையாக வைத்தார். ஐந்தாவது வாரம் எலுமிச்சையிலிருந்து மெல்லிய இழை போல ஏதோ ஒன்று வந்தது. பார்டெண்டருக்குத் தலைகால் புரியவில்லை. நான்காவது புட்டியைத் தள்ளினார்.

"இதை ஒருநாளும் தொடவே மாட்டேங்கறீங்க. முதலாளியம்மா முதல்ல இதைத்தான் நீட்டப்போறாங்க."

"வேண்டாம்ப்பா. இது தெரிஞ்சா அவ போயிடுவா."

"யாரு?"

மசாலாக்கா எழுந்தார். நேராக முதலாளியம்மாவின் அறைக்குப் போனார். இடிப்பதும் காய்ச்சுவதும் மட்டும் தனக்குப் போதும், வறுக்கிற வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார். காரணம் கேட்டதற்கு, "வயசாச்சும்மா" என்று முடித்துக்கொண்டார்.

இப்போது வாணலி பார்டெண்டர் கையில். மிளகு துள்ளும் சத்தத்துக்கு, திரும்பிப் பார்க்காமலே, "இறக்கு" என்கிறார் மசாலாக்கா. கிராம்பு வறுக்கிற நாளில் மட்டும் உரலைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுகிறார்.