முதல் சொம்பு

நான் கிறிஸ்தவளானது சர்ச்சில் தரும் பால் பவுடருக்காக என்று திருத்தணியில் எங்கள் நெசவாளர் தெருவே பேசியது. பேசட்டும். ஒரு டப்பா கூட எனக்கு எவரும் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன், அது வேறு விஷயம்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே என் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். அதற்கப்புறம் மாமியார் வீட்டில் தறிக்கு நான் சுற்றித் தரும் நூல் வேண்டும், என் முகம் வேண்டாம். காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டி விரிக்கும்போது நான் எதிரே வரக்கூடாது. கிருத்திகைக்கு மலையேறினால் எல்லோருக்கும் பின்னால்தான் வர வேண்டும். மலைமேல் இருக்கிற சாமி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வழியை மறித்துக்கொண்டு நின்றவர்கள் மேல்தான்.

ஒருநாள், என்னோடு நூல் சுற்றுகிறவள் தன் தங்கை கல்யாணத்துக்கு ஸ்டேஷன் பக்கத்துச் சர்ச்சுக்கு அழைத்துப்போனாள். கடைசி பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்தேன். அங்கே எந்தப் பெண் நெற்றியிலும் பொட்டு இல்லை. யார் சுமங்கலி, யார் தாலியறுத்தவள் என்று நெற்றியைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. அட, இப்படியும் ஓர் இடமா! கல்யாணம் முடிந்ததும் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பொண்ணு தலைமேல கை வெச்சி ஆசீர்வாதம் பண்ணும்மா."

"நான் வீட்டுக்காரரை வாரிக் குடுத்தவங்க..."

"அதுக்கு இன்னா? நானுந்தான்."

கை வைத்தேன். வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தேன். அடுத்த ஞாயிறும் போனேன். எவரும் கிட்டே சேர்க்காத குஷ்டரோகியை இயேசு கையை நீட்டித் தொட்டார் என்று வாசித்தார்கள். இவர்தான் என் சாமி என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் என் கை பட்டால் ஆகாது என்று அடிமனசில் இருந்த பயம் லேசில் போகவில்லை.

அடுத்த வருஷம் மகள் பெரியவளானாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றும் நாளன்று மாமியார் சொன்னாள்: "நீ உள்ளயே இரு. சுமங்கலிங்க ஊத்தட்டும். உன் கை பட்டா அவளுக்கும் உன் கதிதான்."

மணைமேல் உட்கார்ந்திருந்த மகள் என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். ஒருவேளை மாமியார் சொன்னது பலித்துவிட்டால்? பெற்றவளுக்குப் பயம் இல்லாமல் இருக்குமா? "இயேசப்பா, என் கையைப் பிடிச்சிக்கப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தேன். முதல் சொம்பை நானே மொண்டு ஊற்றினேன்.

பெண்கள் சரசரவென்று எழுந்துவிட்டார்கள். புருஷனின் அண்ணனை நாங்கள் பாவா என்போம். அவர் கத்தினார்: "நாளைக்கு இதுவும் உன்ன மாதிரி மூளியா நின்னா இன்னா பண்ணுவே?"

"அப்படியே ஆனாலும் எம்பொண்ணு உள்ள போய் ஒளிஞ்சிக்க மாட்டா பாவா. முன்னாடிதான் நிப்பா."

முற்றம் காலியானது. மகளுக்குப் பல் தந்தியடித்தது.

"ஊத்தும்மா" என்றாள்.

அடுத்த சொம்பை மொண்டேன்.