பாம்புக்காது

ஜனவரி 12. சத்தமே போடாத கணினி: 92,000.
மார்ச் 3. பாட்டு கேட்கும் மென்பொருள், ஓராண்டுச் சந்தா: 11,400.
மே 20. கணினிக்கும் ஹெட்போனுக்கும் நடுவே வைக்கும் பெட்டி: 38,500.
ஜூலை 8. வெள்ளிக் கம்பி கேபிள், ஒன்றரை மீட்டர்: 9,750.
செப்டம்பர் 1. அதே மென்பொருள், உயர்தரப் பதிப்பு, ஆயுள் உரிமம்: 61,000.

எல்லாம் மேல்வீட்டுக்காரரின் ரசீதுகள். வேலை முடிந்து வரும்போது என் கதவைத் தட்டுவார். "இத உங்க ஃபைல்ல போட்டுடுங்க சார். வீட்ல பாத்தா தோல உரிச்சுடுவா." நீட்டிவிட்டு மாடியேறுவார்.

வயது ஐம்பத்தொன்று. பம்ப் செய்யும் ஆலையில் கடைசிச் சோதனை மேசை அவருடையது. ஓடுகிற மோட்டார்மேல் நீளத் திருப்புளியின் முனையை ஊன்றி, பிடியில் காதை ஒட்டிக் கேட்பார். "பேரிங் அழுவுது" என்றால் பம்ப் திரும்பிப் போகும். இருபத்திரண்டு வருடங்களாக அந்தத் தீர்ப்புக்கு மறுபேச்சு இல்லை. அங்கே அவர் பெயர் பாம்புக்காது. குடும்பம் சாப்பிடுவது அந்தக் காதை நம்பித்தான்.

பாட்டிலும் அதே கறார். கணினியில் மற்ற வேலைகளை எல்லாம் நிறுத்துவார். மின்சாரம் சுத்தமாக வர வேண்டுமென்று பிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்குவார். இருமுறை பால் திரிந்தது.

ஏப்ரலில்தான் முதல் புகார். ஒரு பழைய வாத்தியப் பதிவின் முடிவில் சின்ன மணி மூன்று முறை ஒலிக்குமாம். "மணியக் காணோம் சார். சாஃப்ட்வேர் முழுங்கிடுச்சு." பெட்டி வந்தது, கேபிள் வந்தது. மணி வரவில்லை.

ஒருநாள் மனைவியின் தலையில் ஹெட்போனை மாட்டினார்.

"மூணு தடவ அடிக்குது. நல்லாத்தானே இருக்கு?"

"உனக்கு குக்கர் விசிலும் மணிதான்."

"நேத்து அஞ்சு விசில் வந்துச்சு. பக்கத்துலயே நின்னு பேப்பர் படிச்சீங்க. பாம்புக்குக் காதே கிடையாதாம், தெரியுமா?"

அவரும் சேர்ந்து சிரித்தார். மறுவாரம் உயர்தரப் பதிப்பை வாங்கினார்.

அதிலும் மணி இல்லை. மென்பொருள் நிறுவனத்துக்கு நான்கு புகார் எழுதினார். நான்காவதோடு, தன் கணினியிலிருந்து வெளிவரும் ஒலியையே பதிவு செய்து அனுப்பினார். பதிலை அச்செடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஒலியை அளந்து பார்த்தார்களாம். மூன்று மணியும் முழு அளவில் இருக்கிறதாம். பணத்தைத் திருப்பித் தருகிறார்களாம். ஒரு காது மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று கடைசி வரி.

நாற்காலியில் உட்கார்ந்து கடைசி வரியை மறுபடி படித்தார்.

"ஏப்ரல்லேருந்து எத்தன பம்ப் பாஸ் பண்ணியிருப்பேன் சார்?"

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் தன் வலது காதருகே உரசினார். பிறகு இடது காதருகே. பிறகு கையை நீட்டி என் காதருகே கொண்டுவந்து உரசினார்.

"கேக்குதா?"

எனக்கு எழுபத்தாறு வயது. கேட்டது. தலையாட்டினேன்.

நிறுவனத்தின் அந்தப் பதிலையும் ரசீதுகளோடு ஃபைலில் போட்டேன். தேதி: நவம்பர் 19.